மைல் கணக்கும் தலைக் கணக்கும்

சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822-ல் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவு போட்டார். ஒவ்வொரு ஜில்லா கலெக்டரும் தன் எல்லைக்குள் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், என்ன சாதி, என்ன படிக்கிறார்கள், வாத்தியாருக்கு யார் படியளக்கிறார்கள் என்று எழுதி அனுப்ப வேண்டும். பதில்களையெல்லாம் சேர்த்து 1826 மார்ச்சில் மன்றோ ஒரு குறிப்பு எழுதினார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,84,110 பையன்கள், 4,540 பெண்பிள்ளைகள்.

அந்தக் கணக்கில் சென்னைப் பட்டணத்தின் வரி ஒன்று என்னை இன்றும் நிறுத்தி வைக்கிறது. பட்டணத்துப் பள்ளிகளில் படித்தவர்கள் சுமார் 5,500 பேர். வீட்டிலேயே படித்தவர்கள் சுமார் 27,000 பேர், அதாவது ஐந்து மடங்கு. இந்த எண்ணில் தவறு இருக்கலாம் என்று மன்றோவே சந்தேகப்பட்டார். ஆனாலும் தகப்பனிடமும் உறவினரிடமும் தனி வாத்தியாரிடமும் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் ஏராளம் என்பதை ஏற்றுக்கொண்டார். அவர்களையும் சேர்த்தால் மாகாணத்துப் பையன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏதோ ஒரு வகையில் படிப்பு கிடைக்கிறது என்பது அவர் மதிப்பீடு.

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, மந்தாரக்குப்பம் பக்கத்து மாற்றுக் குடியிருப்பு ஒன்றில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சேர்க்கைப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் எழுதியே என் பணிக்காலம் கழிந்தது. அதனால் மன்றோவின் கணக்கைப் படிக்கும்போது எனக்கு முதலில் எழும் கேள்வி, வீட்டில் படித்த அந்த 27,000 பேர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதுதான். எழுத்து இருந்த வீட்டுப் பிள்ளைகள். எழுத்தே நுழையாத வீட்டுப் பிள்ளை அந்த 27,000-லும் இல்லை, 5,500-லும் இல்லை. இந்த இருநூறு ஆண்டுகளில் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் நடந்த இழுபறி எல்லாவற்றிலும் கடைசியில் விடுபட்டது அந்த மூன்றாவது பிள்ளைதான்.

வீட்டுப் படிப்பைக் குறைத்துச் சொல்ல எங்கள் பக்கத்து மண்ணில் பிறந்தவர் யாருக்கும் வாய் வராது. நெய்வேலியிலிருந்து சிறிது தூரத்தில் வடலூர். அங்கே சத்திய ஞான சபையை எழுப்பிய வள்ளலார், மன்றோ உத்தரவு போட்ட மறு வருஷம், 1823 அக்டோபர் 5 அன்று மருதூரில் பிறந்தார். தகப்பனார் ராமையா ஊர்க் கணக்கர், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனாரை இழந்து, குடும்பத்தோடு சென்னை ஏழுகிணறுக்கு வந்து சேர்ந்தார். அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காத்தார். தம்பியைப் படிக்க வைக்க அவர் செய்த ஏற்பாடு எதிலும் தம்பி உட்கார்ந்து படிக்கவில்லை. வீட்டு மாடியறையும் கந்தகோட்டத்து முருகன் சன்னதியும் போதுமாக இருந்தன. மன்றோவின் கலெக்டர்கள் எண்ணிய அதே பட்டணத்தில், அடுத்த பத்தாண்டில், வீட்டில் வளர்ந்த பிள்ளை அவர்.

அதே வள்ளலார் பெரியவரானதும் செய்தது என்ன? வடலூர் பக்கத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். 1867-ல் அதில் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். வயது வந்தவர்களும் சிறுவர்களும் படிக்கப் பாடசாலை வைத்தார். தனக்குப் பள்ளி தேவைப்படவில்லை என்பதால் ஊருக்கும் தேவையில்லை என்று அவர் நினைக்கவில்லை. பசித்தவனுக்குச் சோறும் எழுத்தறியாதவனுக்கு எழுத்தும் பொதுவில் வைக்கப்பட வேண்டும் என்று நினைத்தார். எங்கள் வட்டாரத்தின் கல்வி வரலாற்றை நான் அந்த அடுப்பிலிருந்துதான் தொடங்குவேன்.

திண்ணைப் பள்ளிக் காலத்தில் வாத்தியாரின் வயிறு பிள்ளைகளின் தலையை நம்பி இருந்தது. மாசம் ஒரு காசோ, அறுப்புக்கு இத்தனை படி நெல்லோ, விசேஷ நாளில் வேட்டியோ, எல்லாம் பிள்ளை வந்தால்தான். நவராத்திரியில் பிள்ளைகளைப் பாட வைத்து வீடு வீடாக அழைத்துப் போய் வாத்தியார் தன் வரும்படியைத் தேடிக்கொண்டார். ஒரு பையன் வரவில்லை என்றால் சட்டாம்பிள்ளை ஆள் பட்டாளத்தோடு அவன் வீட்டுக்குப் போய்த் தூக்கி வந்ததற்கு அவன் படிப்பின் மேல் இருந்த அக்கறை மட்டும் காரணமல்ல.

இந்தச் சட்டாம்பிள்ளை முறையைப் போலவே ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-க்குப் பிறகு எழும்பூர் அனாதைப் பிள்ளைகள் விடுதியில் மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையவர்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார். குறைந்த ஆசிரியர், குறைந்த செலவு, நிறைய பிள்ளைகள். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துக்குப் போய் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. ஏழைக்குக் கொடுக்கும் கல்வியில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்ற யோசனை நம் ஊரிலிருந்து உலகத்துக்குப் போனது எனக்குப் பெருமை தரும் செய்தி இல்லை.

1854-ல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரலாம் என்றது. 1860-களில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சி மானியம் வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சோதிப்பார். எத்தனை பேர் தேறினார்களோ அத்தனை பேருக்குத்தான் பணம். திண்ணை வாத்தியாருக்கு ஊர் அளந்த நெல் போய், சர்க்கார் அளந்த காசு வந்தது. அளக்கும் படி மட்டும் மாறவில்லை. அது தலையாகவே இருந்தது. மெதுவாகப் படிக்கிற பிள்ளை, அறுப்புக்குப் போய்விட்டு வருகிற பிள்ளை, இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காய்ச்சலில் படுத்த பிள்ளை எல்லாம் அந்தக் கணக்கில் நஷ்டமாகிவிட்டன.

1920 இந்தக் கதையில் ஒரு திருப்பம். அந்த வருஷம் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. அதே வருஷம் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் மதியம் சாப்பாடு போடத் தொடங்கியது. பிள்ளை ஏன் வரவில்லை என்பதற்கு வீட்டில் சோறில்லை என்பதே பதில் என்று ஒரு நிர்வாகம் ஏட்டில் ஒப்புக்கொண்ட இடம் அது.

எங்கள் வீட்டுக்குள் வருகிற வரலாறு 1953-ல் தொடங்குகிறது.

அரசியல் சட்டத்தின் 45-ஆவது கூறு, பத்தாண்டுக்குள் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்று 1950-ல் வாக்குக் கொடுத்திருந்தது. மாகாணத்தில் ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். பள்ளிக்கு வர வேண்டிய பிள்ளைகள் மலைபோல் இருக்க, அவர்களுக்குக் கட்டடம் கட்டவும் ஆசிரியர் வைக்கவும் கஜானாவில் பணம் இல்லை. முதல்வர் ராஜாஜி ஒரு வழி கண்டுபிடித்தார். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரம் ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாகும். காலையில் ஒரு பாதிப் பிள்ளைகள், மதியம் மறு பாதி. ஆசிரியரும் கட்டடமும் அதேதான், பிள்ளைகள் மட்டும் இரண்டு மடங்கு சேரலாம். மிச்ச நேரத்தில் பிள்ளை வீட்டில் இருந்து தகப்பன் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும், பெண்பிள்ளை தாயிடம் வீட்டு வேலை கற்றுக்கொள்ளட்டும். காந்தியின் ஆதாரக் கல்வியையும் கைத்தொழிலின் மேன்மையையும் சொல்லி அவர் இதை நியாயப்படுத்தினார். 1953 ஜூன் மாதம் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளுக்கு அது இல்லை. கிராமங்களுக்கு மட்டும்.

என் அப்பா அப்போது மூன்றாம் வகுப்பு. இன்று சுரங்கமாகிவிட்ட இடத்தில் ஓர் ஊர். மானாவாரிக் கொல்லை, மல்லாட்டை, கொஞ்சம் முந்திரி, இரண்டு மாடு. அவருக்குக் காலை வகுப்பு விழுந்தது. மதியம் பள்ளியை விட்டு வந்ததும் அவருடைய அம்மா, என் ஆயா, அவர் கையில் மாட்டுக் கயிற்றைக் கொடுத்துவிடும். ஆயாவைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் ஓர் ஆள் கூடக் கிடைத்தால் அன்றைய கூலி மிச்சம். "பள்ளிக்கூடம் பாதியாச்சு, மாடு முழுசாச்சு" என்று அப்பா அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்வார். அவர் ஊரில் கடைக்காரர் மகனும் கணக்கப்பிள்ளை மகனும் அதே பள்ளியில்தான் படித்தார்கள். அவர்களுக்கும் அதே மூன்று மணி நேரம்தான். மிச்ச நேரத்தில் கடைக்காரர் மகன் தகப்பனாரோடு உட்கார்ந்து வரவுசெலவு எழுதக் கற்றான். கணக்கப்பிள்ளை மகன் நில அளவும் பட்டாவும் படித்தான். என் அப்பா மேய்க்கக் கற்றார். மூவருக்கும் ஒரே திட்டம். வீட்டில் என்ன இருந்ததோ அது அவரவருக்குக் கிடைத்தது.

எதிர்ப்பு ஊரெங்கும் எழுந்தது. தகப்பன் தொழிலைப் பிள்ளை கற்க வேண்டும் என்றால் சவரத் தொழிலாளி மகனும் வெட்டியான் மகனும் என்ன ஆவார்கள் என்று பெரியார் கேட்டார். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் விழுந்தது. 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தத் திட்டத்துக்கு எதிராக ராஜாஜி வீட்டின் முன்னால் நடந்த மறியல். மறு ஆண்டு திராவிடர் கழகத்தார் நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு நடந்தே போனார்கள். காங்கிரசுக்குள்ளேயே பலர் இதை விரும்பவில்லை. சட்டசபையில் திட்டத்தைக் கைவிடச் சொன்ன தீர்மானம் தோற்றது. நிறுத்திவைத்து நிபுணர்களிடம் அனுப்பச் சொன்ன தீர்மானம் சொற்ப வாக்குகளில் வென்றது. பருலேகர் தலைமையில் அமைந்த குழு, திட்டம் சரியென்றே அறிக்கை கொடுத்தது. அதற்குள் காலம் மாறிவிட்டது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். மே மாதம் கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார்.

ராஜாஜிக்கு இருந்த பணக் கவலை உண்மையானது என்றே நான் நம்புகிறேன். கைத்தொழிலின் மேல் அவர் வைத்த மதிப்பும் உண்மையானதே. ஆனால் பணம் போதவில்லை என்றபோது அவர் கை வைத்தது பிள்ளையின் பகல் பொழுதில். அதுவும் கிராமத்துப் பிள்ளையின் பகல் பொழுதில் மட்டும். வீடும் ஒரு பள்ளிதான் என்பது அழகான சொல். அந்தப் பள்ளிக்கு என்ன நிதி, யார் ஆசிரியர், எந்தப் புத்தகம் என்று அரசு கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தச் சொல்லின் பின்னால் ஒதுக்கீடு எதுவும் இல்லை என்பது அன்றே வெளிப்பட்டிருக்கும்.

காமராஜர் அளவையை மாற்றினார். ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பது அவர் காலத்தின் இலக்கு. எத்தனை பிள்ளை வருவார்கள் என்று பார்த்துப் பள்ளி வைப்பதற்குப் பதிலாக, பிள்ளை எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று பார்த்துப் பள்ளி வைத்தார்கள். ஓராசிரியர் பள்ளிகள் ஊர் ஊராக முளைத்தன. 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தது. கல்வித் துறைக்குத் தலைமை வகித்த நெ.து. சுந்தரவடிவேலு, 1958-லிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி ஊர்க்காரர்களையே கொடுக்க வைத்தார். மேசையும் மணியும் கரும்பலகையும் கூரை ஓடும் ஊர்வலமாகப் பள்ளிக்கு வந்தன. என் அப்பா நான்காம் வகுப்பிலிருந்து முழு நாள் படித்தார். எஸ்.எஸ்.எல்.சி. வரை போனார்.

அதே 1956-ல்தான் நெய்வேலியும் பிறந்தது. ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் 1930-களில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக வந்த பழுப்பு நிலக்கரியின் கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் 1956 நவம்பர் 14 அன்று பதிவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. மறு ஆண்டு சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. பழைய ஊர்கள் போயின, வேலுடையான்பட்டு முருகன் கோயில் டவுன்ஷிப்புக்குள் நிலைத்தது. நிலம் கொடுத்த குடும்பம் என்பதாலும் படித்திருந்ததாலும் அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. அந்த எஸ்.எஸ்.எல்.சி. இல்லாமல் அவர் எங்கே நின்றிருப்பார் என்பது எனக்குத் தெரியும். அவரோடு காலை வகுப்பில் இருந்து, மாட்டோடு நின்றுவிட்ட கூட்டாளிகள் எங்கே நின்றார்கள் என்பதை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன்.

டவுன்ஷிப்பை வட்டம் வட்டமாகப் போட்டபோது பிள்ளைகள் நடந்து போகிற தூரத்தில் பள்ளிகளையும் வைத்தார்கள். நிறுவனமே தன் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது. முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று மாறி மாறி வேலைக்குப் போகும் தகப்பன்மார்களுக்குப் பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க நேரம் ஏது? வேன் டிரைவர் மகனும் எஞ்சினியர் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலம் அது. நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள்.

1980-களின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்குள் எம்.ஜி.ஆர். 1982-ல் தொடங்கிய சத்துணவால் பள்ளிகள் நிரம்பியிருந்தன. ஆனால் 1990-களில் நர்சரி, மெட்ரிக் பள்ளி வேன்கள் குடியிருப்புக்குள் வரத் தொடங்கின. பிறப்பும் குறைந்தது. அப்போதுதான் தலைக் கணக்கு மறுபடியும் எங்கள் கழுத்துக்கு வந்தது. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கையைக் கொண்டு ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. என் பள்ளியில் ஒரு வருஷம் 63 பேர். சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் கொடுத்த சில குடும்பங்கள் வேறு ஊர்களுக்குக் குடிபோனதும் 57 ஆயிற்று. மூன்றாவது டீச்சர் உபரி. பணி நிரவலில் வேறு ஒன்றியத்துக்குப் போனார். ஐந்து வகுப்புக்கு நாங்கள் இருவர் மிஞ்சினோம். போன ஆறு பிள்ளைகளால் மற்ற 57 பேரின் பாடம் குறைந்தது.

மானியமும் அப்படித்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை என்றால் 25,000. ஆக, 31-ஆவது பிள்ளையின் பெயர் ஒரு பள்ளிக்கு 15,000 ரூபாய். சுண்ணாம்பு அடிக்க, கழிப்பறைக் கதவு மாற்ற, துடைப்பம் வாங்க எல்லாம் அதற்குள்தான். 29, 30 என்று ஊசலாடும் பள்ளியின் தலைமையாசிரியர் ஜூன் மாதம் வீடு வீடாக ஏறி இறங்குவதை வெளியில் இருந்து பார்ப்பவர்கள் ஆள் பிடிப்பதாக நினைக்கலாம். அவர் கழிப்பறைக் கதவுக்காக அலைகிறார்.

அப்படி ஒரு ஜூனில், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்குப் போனபோதுதான் நான் அந்தக் குடும்பத்தைச் சந்தித்தேன். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸை விட்டு வந்து எங்கள் குடியிருப்புக்கு அருகே வீடு கட்டியிருந்தார்கள். தகப்பனார் பொறியாளர், தாயார் கணிதத்தில் முதுகலை. ஒன்பது வயது மகள் பள்ளிக்குப் போனதே இல்லை. "இவ வீட்லதான் படிக்கறா மேடம்" என்றார் தாயார். அந்தப் பிள்ளை முந்திரி இலையின் நரம்பை வரைந்து வைத்திருந்தாள். பின்னக் கணக்கை என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைவிட நன்றாகப் போட்டாள். என் படிவத்தில் அவளுக்குக் கட்டம் இல்லை. சேராதவர், இடைநின்றவர், குடிபெயர்ந்தவர் என்று இருந்தது. வீட்டில் நன்றாகப் படிப்பவர் என்று எதுவும் இல்லை. கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவில், பள்ளியை விட்டு நீங்கும் பிள்ளைகள் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலில் கிடப்பார்கள். இவள் அதிலும் இல்லை.

சட்டமும் அவளைப் போன்றவர்களை இப்படித்தான் நடுவில் விட்டிருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, அருகமைப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. தவறினால் என்ன தண்டனை என்று சொல்லவில்லை. வீட்டுக் கல்வியை அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. விரும்புகிற பெற்றோர் வீட்டில் கற்பிக்கலாம் என்று அப்போதைய மத்திய அமைச்சர் கபில் சிபல் சொன்னார். தேர்வு எழுத தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வர் தேர்வு இருக்கிறது. வழி உண்டு. ஆனால் அந்த வழியில் போகிறவர்களைத் தன் பிள்ளைகள் என்று எந்தப் பள்ளியும் சொல்ல முடியாது.

என் சக ஆசிரியர் ஒருவர், பெயரை மட்டும் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளலாமே என்றார். அந்த வருஷம் எங்களுக்கு அந்தத் தலை தேவைப்பட்டது. நான் சேர்க்கவில்லை. வராத பிள்ளைக்கு வருகை போடும் கை, பிறகு எதற்கும் கூசாது. மறு வாரம் அந்தத் தாயாரே பள்ளிக்கு வந்தார். மகள் மாலையில் வந்து மற்றப் பிள்ளைகளோடு விளையாடலாமா, நூலகப் புத்தகம் எடுக்கலாமா என்று கேட்டார். மேலே கேட்டுப் பார்த்தேன். பதிவேட்டில் இல்லாத பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்ற பதில் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அவளும் கிடைக்கவில்லை, அவளுக்கு எங்கள் பிள்ளைகளும் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் 1993-க்குள் எல்லா மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது. அங்கேயும் பள்ளிக்குப் பணம் தலைக்குத் தலை என்பதால், ஒரு குடும்பம் பிள்ளையை நிறுத்திக்கொண்டால் ஊர்ப் பள்ளிக்கு அடி. அயோவா மாநிலத்தில் இரட்டைச் சேர்க்கை என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளை சில பாடங்களுக்கும் விளையாட்டுக்கும் அரசுப் பள்ளிக்கு வரலாம், பள்ளிக்கு அந்தப் பிள்ளைக்காக ஒரு பங்கு நிதி வரும். ஒரே பிள்ளைக்காக வீடும் பள்ளியும் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் இழுபறியின் பெரிய பங்கு வீட்டுக் கல்வியால் வருவதல்ல. கல்வி உரிமைச் சட்டப்படி, 2013 முதல் தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களில் ஏழைப் பிள்ளைகள் சேர்கிறார்கள், கட்டணத்தை அரசு திருப்பித் தருகிறது. பிள்ளையும் போகிறது, பிள்ளையின் பின்னால் அரசுப் பணமும் போகிறது. 2019-ல் ஒரு பிள்ளைகூட இல்லாத அரசுப் பள்ளிகளை நூலகமாக மாற்றும் முடிவு வந்தது. 2024–25-ல், பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாத தகராறில் ஒன்றிய அரசு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியில் சுமார் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. தமிழ்நாடு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கான பணமும் அந்த நிதியில் சிக்கியதால், அந்தக் கோடையில் 25 விழுக்காட்டுச் சேர்க்கை உரிய காலத்தில் தொடங்கவில்லை. இரண்டு அரசுகளுக்கு நடுவில் காத்திருந்தவர்கள், ஒப்பந்தத் தொழிலாளிகளும் கொத்தனார்களும் வீட்டு வேலை செய்யும் பெண்களும்.

வீடே பள்ளி என்பதை இந்த நாடு முழுவதும் ஒருமுறை சோதித்தும் பார்த்துவிட்டது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. கல்வித் தொலைக்காட்சி இருந்தது. கைபேசி இருந்த வீட்டில் வகுப்பு நடந்தது. இல்லாத வீட்டில் பிள்ளை செங்கல் சூளைக்கும் முந்திரித் தோப்புக்கும் போனது. மீண்டும் பள்ளி திறந்தபோது, மூன்றாம் வகுப்புப் பிள்ளை தன் பெயரை எழுதத் திணறியது. அரசு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கித் தன்னார்வலர்களைக் குடியிருப்புகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் கட்டணம் கட்ட முடியாமல் பல லட்சம் பிள்ளைகள் தனியாரிடமிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தார்கள். அவர்கள் வந்து நிற்க ஒரு பள்ளி இருந்தது. எண்ணிக்கை போதவில்லை என்று அதற்கு முந்தைய வருஷமே மூடியிருந்தால், எங்கே வந்து நின்றிருப்பார்கள்?

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். பள்ளிக்கு ஆசிரியரையும் பணத்தையும் தலைக்கு அளந்து கொடுப்பதை நிறுத்த வேண்டும். ஊருக்கு அளந்து கொடுக்க வேண்டும். ஒரு தொடக்கப் பள்ளியில் 12 பிள்ளைகள் இருந்தாலும் 60 பேர் இருந்தாலும் கூரை ஒன்றுதான், கிணறு ஒன்றுதான், வகுப்பு ஐந்துதான். குறைந்தது மூன்று ஆசிரியர்களும் ஒரே அளவு அடிப்படை மானியமும் ஒவ்வொரு ஊர்ப் பள்ளிக்கும் உறுதியாக வேண்டும். பிள்ளைகள் கூடினால் அதற்கு மேல் கூடட்டும். குறைந்தால் அதற்குக் கீழே இறங்கக் கூடாது. பள்ளி செல்லாக் குழந்தைகள் படிவத்தில் வீட்டில் படிப்பவருக்கு ஒரு கட்டம் வேண்டும். அந்தப் பிள்ளை அருகமைப் பள்ளியின் பதிவேட்டில் இருக்கட்டும். நூலகத்துக்கும் விளையாட்டுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் வரட்டும். வருஷத்துக்கு ஒருமுறை தலைமையாசிரியர் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசட்டும். தகப்பன் தாயின் உரிமைக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை. வீட்டில் படிக்கிறது என்று சொல்லிவிட்டுத் தீப்பெட்டி ஒட்டவும் ஆடு மேய்க்கவும் அனுப்பப்படும் பிள்ளைக்கு அது ஒன்றுதான் பாதுகாப்பு.

பணம் எங்கே என்று கேட்பார்கள். 1953-லும் அதைத்தான் கேட்டார்கள். மூன்றே ஆண்டில் அதே வறண்ட கஜானாவிலிருந்து மதியச் சோறும் ஊர்ப் பள்ளியும் வந்தன. அன்று பணம் பெருகிவிடவில்லை. எதை அளப்பது என்ற முடிவு மாறியது. அந்த முடிவால் படித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தங்கள் பிள்ளையை வீட்டில் படிக்க வைக்கவும், வேனில் ஏற்றி அனுப்பவும், விரும்பிய பள்ளியைத் தேர்ந்தெடுக்கவும் முடிகிறது. தேர்ந்தெடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் நடந்து போகிற தூரத்தில், முழு நாளும் திறந்திருக்கிற, ஆசிரியர் குறையாத ஒரு பள்ளி வேண்டும். அந்தப் பிள்ளை ஒன்றே ஒன்றாக இருந்தாலும் வேண்டும்.